தட்டினால் மேலே வா

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண் அயரப் போகிற நேரத்தில் ஒரு ஃபோன். தேசிய கலை நீச்சல் போட்டியை நடத்தும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற அதிகாரி. சின்ன வயசு, மரியாதையான பிள்ளை.

"மேடம், ஒரு சந்தேகம். ஒவ்வொரு பிரிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் ஒரு அதிகாரி குளத்துல இறங்கி, தலையைத் தண்ணிக்குள்ள வச்சுக் காது கொடுத்துக் கேக்கணும்னு ஒரு வழக்கம் இருக்கு. நீங்கதான் கொண்டுவந்தீங்கன்னு சொல்றாங்க. இப்பதான் தண்ணிக்கடியில கேமராவே வந்துடுச்சே, அதை எடுத்துடலாமா? இறங்குறவங்களுக்குத் தலைமுடியெல்லாம் நனையுதுன்னு வருத்தப்படுறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தலைமுடி நனையக் கூடாதென்றால் கேரம் போட்டி நடத்தப் போக வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டேன். பிறகு எனக்கே பாவமாகப் போய்விட்டது. காரணம் சொல்லாமல் ஒரு வேலையைச் செய் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கேமரா பார்க்கும், கேட்காது அம்மா என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதை எழுதி வைங்க மேடம், எங்களுக்கு உதவும்" என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? எழுதுகிறேன்.

நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அம்மா அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு டீச்சர் மேல்தான் விழும். நான் மட்டும் புத்தகத்தை விட்டுவிட்டுப் பந்தைப் பிடித்து, உடற்கல்வி படித்து, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தேன். என் விளையாட்டு கூடைப்பந்து. நீச்சல் ஏதோ தெரியும், அவ்வளவுதான். மாநிலச் சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் கூப்பிட்டு, "சிங்க்ரோன்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு டீச்சர். தண்ணிக்குள்ள டான்ஸ் மாதிரி. பொம்பளப் பிள்ளைக விளையாட்டு, நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். அது என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படித்தான் உள்ளே வந்தேன்.

முகாம், தேர்வு, நடுவர் சான்று என்று சில வருஷங்கள் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், தேறினேன். அம்மாவுக்குத்தான் கடைசி வரை பிடிபடவில்லை. "ஏளா, தலைகீழா நின்னு காலத் தண்ணிக்கு மேல நீட்டுறதுக்கு ஒரு போட்டி. அது நேரா நிக்கா, கோணலா நிக்கான்னு பாக்க ரயிலேறிப் போறியாக்கும்" என்பாள். ஆமாம் அம்மா, அதற்குத்தான் போகிறேன் என்பேன்.

அந்தக் காலத்துத் தேசியப் போட்டிகளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருந்தால் சிரிப்பார்கள். மொத்தப் புள்ளிக் கணக்குக்காகப் பல மாநிலங்கள் வாட்டர்போலோ ஆடுகிற பெண்களையே இதற்கும் இறக்கிவிடும். பந்து இல்லாமல் அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பார்கள். நடுவர்களுக்குக் கல்யாண மண்டபத்து நாற்காலி. அதில் உட்கார்ந்தால் குளத்தின் விளிம்பு தெரியும், உள்ளே ஒன்றும் தெரியாது. எந்த நடுவர் எந்த நாற்காலி என்பது முதல் நாளே முடிவாகிவிடும், அதனால் முதல் நாளே காபி வாங்கிக் கொடுக்கிறவர்களும் உண்டு. உயரமான நாற்காலி, போட்டிக்குச் சற்று முன் குலுக்கல், அடிப்படை அசைவுகளைத் தனித்தனியாகச் செய்து காட்டினால்தான் குழு ஆட்டத்தில் இடம் என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. சண்டை போட எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்குப் பின்னால் நின்றவர் தேஷ்பாண்டே சார். புனேக்காரர். அந்த வருஷங்களில் பெரும்பாலும் அவர்தான் தலைமை நடுவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஈரத்தரையில் நாள் முழுக்க நடப்பார், ஷூவில் ஒரு கறை இருக்காது. குரலை உயர்த்தியதே கிடையாது. நான் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு போய் நின்றால், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காட்டுங்கள்" என்பார். அவருக்கு அது ஒன்றுதான். தண்ணீர் சரியில்லை என்றாலும் காட்டுங்கள், நடுவர் சரியில்லை என்றாலும் காட்டுங்கள். காட்ட முடியாத எதையும் அவர் நம்பமாட்டார், மறுக்கவும் மாட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன்.

அவர் பையில் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு இரும்புப் பில்லை இருக்கும். போட்டி நாள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைக் குளத்தின் ஆழமான இடத்தில் போடுவார். பிறகு ஒவ்வொரு நடுவர் நாற்காலியிலும் தானே ஏறி உட்கார்ந்து பார்ப்பார். எல்லா நாற்காலியிலிருந்தும் பில்லை தெரிந்தால்தான் போட்டி. ஒரு நாற்காலியிலிருந்து தெரியாவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யார் வந்து கெஞ்சினாலும், "என் பில்லை?" என்று மட்டும் கேட்பார். அடியைத் தொட்டால் புள்ளி குறையும் விளையாட்டு இது. அடி தெரியாத குளத்தில் யார் தொட்டார், யார் தொடவில்லை என்று எப்படிச் சொல்வது?

இனி தூத்துக்குடிக்கு வருகிறேன்.

தேசியப் போட்டியை எங்கள் ஊரில் நடத்த வேண்டும் என்று நான் பல வருஷமாகக் கத்தி, ஒரு வழியாகச் சம்மதித்தார்கள். அமைப்புச் செயலாளர் நான். ஊருக்கு வெளியே ஒரு புதுக் குளம், ஆழம் போதும், நீளம் போதும். தண்ணீர்தான் தகராறு. எங்கள் பக்கம் போர் போட்டால் வருவது பாதி கடல். ஆற்றுத் தண்ணீரை ஏரல் பக்கத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து கலந்தோம். அப்படியும் கொஞ்ச நேரம் ஃபில்டரை நிறுத்தினால் மோர் மாதிரி கலங்கிவிடும். அதற்கு முருகேசன் என்று ஒரு பம்ப் ஆபரேட்டர் இருந்தான். கெட்டிக்காரன், ஆனால் வாய் ஓயாது.

அந்த வருஷம் தமிழ்நாட்டு அணியில் எட்டுப் பேர். நாலு பேர் சென்னைப் பிள்ளைகள். மற்ற நாலு பேர் தருவைகுளத்துப் பிள்ளைகள், நான் பிடிவாதமாகச் சேர்த்தவர்கள். சங்கத்தில் அதற்கு எதிர்ப்பு. "கடக்கரைப் பிள்ளைக நல்லா முங்கும் டீச்சர். ஆனா சேந்து முங்காது" என்றார் சங்கச் செயலாளர். இவர்கள் சொதப்பினால் இனி அந்தப் பக்கமிருந்து ஒருத்தியையும் எடுக்க மாட்டோம் என்று என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார்.

அந்த நாலு பேரில் மூத்தவள் செலின், அணியின் கேப்டன். அவள் அப்பா சூசை அண்ணன் சங்கு குளிக்கிறவர். வருஷக்கணக்காக ஆழத்தில் முங்கி முங்கி ஒரு காது முழுதாகப் போய், மற்றதும் அரைகுறையாகிவிட்டது. கடலுக்குப் போகிறதை விட்டுவிட்டுக் கரையில் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்குச் செலின் மனுப் போட்டிருந்தாள். தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் ஒரு பதக்கம் வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது கடந்துவிடும். ஆகவே இது ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவள் வீட்டுக்கே தெரியும்.

பயிற்சியிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ராதிகா, எல்லாப் பயிற்சியாளர்களும் செய்கிற மாதிரி, ஒரு எவர்சில்வர் கரண்டியால் குளத்து ஏணியில் தாளம் தட்டினாள். இரும்பில் தட்டினால் தண்ணீருக்குள் கணீரென்று கேட்கும். மெதுவாகத் தட்டும்வரை சரியாக இருந்தது. வேகமாகத் தட்டியதும் இந்த நாலு பிள்ளைகளும் தக்கை மாதிரி மேலே வந்துவிட்டார்கள். மறுபடி தட்டினாள், மறுபடி வந்தார்கள். ராதிகா கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

"வேணும்னு செய்யலக்கா," என்றாள் செலின். "எங்களுக்கு அது மேல வான்னு அர்த்தம்லா."

சங்கு குளிக்கப் போகிற படகில் அப்படி ஒரு முறை. ஆள் அடியில் இருக்கும்போது மேலே ஏதாவது ஆபத்து என்றால், வேறு படகு வருகிறது, காற்று மாறுகிறது, என்னவானாலும், படகின் பக்கப் பலகையில் இரும்பால் விடாமல் தட்டுவார்கள். அதைக் கேட்டால் கையில் சங்கு இருந்தாலும் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. கரையோரம் குளிக்கிற பிள்ளைகளையும் அப்படித்தான் தட்டிக் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகும்போதே பழகிய பழக்கம், அதைக் கரண்டி மாற்றுமா? ராதிகா அதற்குப் பிறகு தண்ணீருக்கடியில் வைக்கிற ஸ்பீக்கரிலேயே தாளத்தைப் போட்டுப் பழக்கினாள். பிள்ளைகள் ஜோராக வந்தார்கள்.

போட்டிக்கு அணிகள் வந்து இறங்கின. மேற்கே ஒரு மாநிலம், பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சிநேகிதிகள் இருக்கிறார்கள். அந்த அணியின் கேப்டன் ரீமா வந்த அன்றே என்னைத் தேடி வந்தாள். முடி கலையாமல் இருக்க இந்தப் பிள்ளைகள் ஜெலட்டினைக் காய்ச்சித் தலையில் பூசுவார்கள். ஜெலட்டின் எலும்பில் செய்வது, நாங்கள் சைவம், கொண்டுவந்த மாற்றுப் பசை வழியில் கொட்டிவிட்டது, என்ன செய்வது என்று கண் கலங்கி நின்றாள். நான் பஜாருக்குப் போய் அண்ணாச்சி கடையில், காய்ச்சினால் இறுகுகிற கடல்பாசி கேட்டேன்.

"இம்புட்டுக் கடல்பாசியா? வீட்ல என்ன டீச்சர் விசேஷம்?" என்றார் அண்ணாச்சி.

"தலையில தேய்க்க அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். செலினும் மற்ற பிள்ளைகளும் அதைக் காய்ச்சி, ரீமா அணிக்கு அவர்களே பூசிவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரே கும்மாளம். பாஷை தெரியாது, ஆனாலும் பேச்சு ஓயவில்லை.

இறுதிப் போட்டி நாள் காலை. தேஷ்பாண்டே சார் பில்லையைப் போட்டார். நாற்காலியில் ஏறினார், இறங்கினார். "மிஸ் ஜெயசீலி, என் பில்லை எங்கே?" என்றார். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. முருகேசனைக் கூப்பிட்டு, போட்டி முடியும்வரை ஃபில்டரை நிறுத்தவே கூடாது என்று உத்தரவு போட்டேன். மத்தியானத்துக்குள் பில்லை தெரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

குழு ஆட்டம் தொடங்கியது. ரீமாவின் அணி நீந்தி, நல்ல புள்ளி வாங்கி இரண்டாம் இடத்தில் இருந்தது. பிறகு எங்கள் பிள்ளைகள். முதல் பாதி அப்படி அமைந்தது. எட்டுப் பேரும் ஒரே ஆளாக அசைந்தார்கள். நீளமான பகுதி வந்தது. எட்டுப் பேரும் தண்ணீருக்குள் போய், கீழே ஒருவர் மேல் ஒருவர் நின்று, ஒருத்தியை மேலே தூக்கி வீச வேண்டும். மேலே பாட்டு ஓடுகிறது, தண்ணீர் மூடிக் கிடக்கிறது, எல்லாரும் அந்தப் பிள்ளை எழும்பி வரக் காத்திருக்கிறோம். வந்தது நாலு தலை. செலினும் மற்ற மூன்று தருவைகுளத்துப் பிள்ளைகளும், நாலு மூலையில், பதறிய முகத்தோடு.

கீழே மிச்சமிருந்த நாலு பேரும் தடுமாறி வந்தார்கள். ஒரு கணம் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எங்கேயோ தாளத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்தார்கள். முடித்து என்ன? நடுவில் ஆட்டம் இடிந்துவிட்டது. சங்கச் செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ராதிகா அவர்களை ஏணியிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏன் வந்தீங்க? ஏன்?"

செலின் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "டீச்சர், யாரு தட்டுனது?"

மேலே நின்ற எங்களில் ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்ப் அறைக்கு ஓடினேன். முருகேசன் கையில் ஸ்பானரோடு வால்வு பக்கத்தில் குந்தியிருந்தான்.

"ஏலே முருகேசா, இப்ப இதத் தட்டினியா?"

"ஆமா மேடம். உப்புப் புடிச்சுப் போச்சு. நாலு தட்டு தட்டினாத்தான் திரும்புது. நிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னியள்லா. ஏன் மேடம்?"

இரண்டு அறை விடலாமா என்று வந்தது. விட்டு என்ன பிரயோஜனம்? சொன்னதைத்தானே செய்திருக்கிறான். குழாய் நேராகக் குளத்துக்குள் போகிறது. இங்கே தட்டினால் அங்கே கேட்கும். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "வேல போயிருமா மேடம்?" என்றான்.

"வேலையெல்லாம் போவாது. எங்கூட வா. உள்ளதச் சொல்லு, அது போதும்."

விதி எங்கள் பக்கம்தான். நீந்துகிறவர்களின் கையில் இல்லாத காரணத்தால் ஆட்டம் கெட்டால், தலைமை நடுவர் அவர்களை மறுபடி நீந்தச் சொல்லலாம். தேஷ்பாண்டே சாரிடம் போய் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன். அதற்குள் ரீமாவின் பயிற்சியாளர் வந்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் அணிக்காக அவர் பேசினார். "ஊர் இவர்களுடையது, குளம் இவர்களுடையது, பம்ப் ஆளும் இவர்களுடைய ஆள். கேட்டது என்று இவர்களே சொல்லிக்கொண்டால் ஆயிற்றா? எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

தேஷ்பாண்டே சார் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். "காட்டுங்கள்" என்றார்.

எப்படிக் காட்டுவது என்று நான் விழித்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து ஷூவுக்குள் செருகினார். பிறகு அந்த வெள்ளைச் சட்டையோடும் கால்சட்டையோடும் ஏணியில் இறங்கி, குளத்துக்குள் போனார். பாட்டை மேலேயும் கீழேயும் முன்பு போலவே போடச் சொன்னார், முருகேசனை முன்பு போலவே தட்டச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். வெள்ளைச் சட்டை அவர் முதுகில் உப்பிக்கொண்டு நின்றது. வெளியே வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, "கேட்டது. பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் பயிற்சியாளர் விடவில்லை. "சரி, கேட்டது. எட்டுப் பேருக்கும்தானே கேட்டிருக்கும்? நாலு பேர் கீழேயே இருந்தார்களே. அப்படியானால் மேலே வந்தது அந்த நாலு பேரின் தவறு."

நான் சங்கு குளிக்கிற படகைப் பற்றிச் சொன்னேன். தட்டினால் வந்துவிட வேண்டும் என்ற பழக்கத்தைச் சொன்னேன். அவர், "கதை நன்றாக இருக்கிறது மேடம்" என்றார். தேஷ்பாண்டே சார் என்னைப் பார்த்தார். இதை எப்படிக் காட்டுவது? இப்போது பிள்ளைகளை இறக்கித் தட்டிக் காட்டினால், வேண்டுமென்றே மேலே வந்தார்கள் என்பார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. செலின் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரம் நின்றாள், அழக்கூட இல்லை. அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது ரீமா பேசினாள். தன் பயிற்சியாளருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள், தலையில் கடல்பாசி காய்ந்து பளபளத்துக்கொண்டு.

"சார், நேற்றுப் பயிற்சியில், பயிற்சியாளர்கள் வருமுன்பு, நாங்களும் குளத்தில் இருந்தோம். அந்தச் சத்தம் நேற்றும் ஒரு தடவை வந்தது. இந்த நாலு பேரும் உடனே மேலே வந்தார்கள். வந்து, அவர்களே சிரித்தார்கள். ஏன் என்று கேட்டேன். செலின் கையால் சைகை காட்டிச் சொன்னாள், அப்பா படகில் தட்டுவார், நாங்கள் வந்துவிடுவோம் என்று."

அவளுடைய பயிற்சியாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பின்வாங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் மறுபடி நீந்தினால் அவள் அணியின் இரண்டாம் இடம் போனாலும் போகும். அது தெரிந்தேதான் சொன்னாள்.

தேஷ்பாண்டே சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை நேற்று வேறு யார் பார்த்தார்கள்?"

"எங்கள் அணி முழுக்கப் பார்த்தது சார். நாங்களும் சிரித்தோம்."

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி அணி முடிந்த பிறகு தமிழ்நாடு மறுபடி நீந்தும் என்று தேஷ்பாண்டே சார் அறிவித்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "இன்னொரு முறை நான் அனுமதிக்க முடியாது. இனி எந்தச் சத்தம் கேட்டாலும் மேலே வரக் கூடாது என்று உங்கள் பெண்களிடம் சொல்லிவிடுங்கள்."

செலினுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். "டீச்சர், மறுபடி தட்டினா இருந்திரவா?" என்று கேட்டாள். எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராதிகா கண்ணாலேயே கெஞ்சினாள், சொல்லுங்கள் என்று. ஒரு வார்த்தைதானே? ஆமாம், இருந்துவிடு என்றால் முடிந்தது. பதக்கம் வரும், வேலை வரும்.

என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பிள்ளைகள் நாளைக்குக் கடலில் இறங்குவார்கள். மேலே ஒருத்தர் தட்டுவார். யோசிக்காமல் வந்துகொண்டிருந்த பிள்ளை, டீச்சர் அன்றைக்கு இருக்கச் சொன்னாளே என்று ஒரு நொடி யோசித்தால் என்ன ஆகும்? அந்தப் பழக்கத்தை ஒரு பதக்கத்துக்காக நான் எடுக்கலாமா?

"தட்டினா மேல வா," என்றேன். "எப்பவும் வர்ற மாதிரி வா. தட்டாமப் பாக்க வேண்டியது என் பொறுப்பு."

ராதிகா தலையில் கை வைத்தாள். தேஷ்பாண்டே சாரிடம் நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்படியானால் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

பம்பை நிறுத்தச் சொன்னேன், ஒரு ஆட்டம் முடிகிற நேரத்துக்குள் தண்ணீர் கலங்கிவிடாது. பம்ப் அறையிலிருந்த ஸ்பானர், சுத்தியல், திருப்புளி, கம்பி எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளினேன். அறையைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டேன். முருகேசனை வாளியோடு என் பக்கத்தில் உட்காரவைத்து, "கைய மடியில வை. அசைஞ்சா அடிதான்" என்றேன். ஒவ்வொரு ஏணியின் பக்கத்திலும் ஒரு அதிகாரியை நிறுத்தினேன். நானே இறங்கி, சேலையோடு முங்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கு எல்லாரும் தலைமுடி நனைய இறங்குகிறார்களே, அந்த வழக்கத்துக்கு முதல் ஆள் நான்தான்.

களைத்துப் போன பிள்ளைகள் மறுபடி நீந்தினார்கள். முதல் தடவை இருந்த துள்ளல் இல்லை, நேர்த்தி இருந்தது. அந்த நீளமான பகுதி வந்தது. எட்டுத் தலையும் உள்ளே போனது. தண்ணீர் மூடியது. ஆண்டவரே, யாரும் எதையும் கீழே போட்டுவிடக் கூடாதே என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முருகேசன் கண்ணை மூடி முனங்கிக்கொண்டிருந்தான், எந்தச் சாமியை என்று தெரியாது. பிறகு தண்ணீர் பிளந்து, தூக்கி வீசப்பட்ட பிள்ளை வெளியே பறந்து வந்தாள். நான் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

இரண்டாம் இடம். ரீமாவின் அணிக்கு மூன்றாம் இடம். ரீமாதான் முதலில் ஓடிவந்து செலினைக் கட்டிக்கொண்டாள். நான் ரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செலினுக்கு அந்தப் பதக்கத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷத் தேர்வுக்குத் தருவைகுளத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள், செயலாளரும் வாயைத் திறக்கவில்லை. தேஷ்பாண்டே சார் மட்டும் ஈரச் சட்டையோடேயே பரிசளிப்பு முழுக்க நின்றார். மாற்றுச் சட்டை கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

சூசை அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வழியில் வேன் பழுதாகிவிட்டதாம். வாசலிலேயே பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கேட்காத காதுப் பக்கம் நின்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நடுவில் மேலே வந்தது, மறுபடி நீந்தியது, பதக்கம் வாங்கியது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. அவருக்குப் பாதிதான் விழுந்திருக்கும். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், தட்டுன சத்தங் கேட்டதும் எம்மவ மேல வந்துட்டாளா?"

"ரெண்டாவது எடம்ணே," என்றேன்.

"அது இருக்கட்டும் டீச்சர். வந்துட்டாளா?"

நான் அவருடைய அடுத்த பக்கம் போய், கொஞ்சம் மிச்சமிருந்த அந்தக் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "வந்துட்டாண்ணே. மொத ஆளா வந்துட்டா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பஞ் செரி," என்றார். பிறகுதான் பதக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.